எல்லாவற்றுக்கும் பூஜ்யம்

3 மார்ச், திங்கள்

காலையிலிருந்தே வெயில். மழை பெய்து மூன்று வாரம். குருணிலிருந்து அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்கு, என் வலிப்பு கிளினிக். தங்கை கவிதா கார் ஓட்டினாள். ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொன்றில் ஐஸ் மைலோ. எனக்கு லைசென்ஸ் கிடையாது. பார்க்கப் பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.

மிஸ்ஸி (நர்ஸ், தமிழ்ப் பெண், புதியவள்) ஒரு தாள் கொடுத்தாள். ஏழு கேள்வி. போன இரண்டு வாரத்தில் எத்தனை நாள் பதற்றம், எத்தனை நாள் கவலையை நிறுத்த முடியவில்லை, இப்படி. எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டேன். கவிதா எட்டிப் பார்த்தாள்.

"அக்காவுக்குப் பயமே இல்ல மிஸ்ஸி. நாங்கதான் பயந்து சாகுறோம்."

கார், நல்ல வேலை, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரப்போகும் மாப்பிள்ளை, எல்லாம் அவளுக்கு. பயம் ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டாள்.

மிஸ்ஸி அவளை மருந்து நம்பர் எடுக்க அனுப்பிவிட்டு அதே கேள்விகளோடு புதுத் தாள் நீட்டினாள். "வலிப்பு உள்ளவங்க எல்லாருக்கும் கொடுக்குறோம்கா. வெக்கப்படாதீங்க லா. உள்ளத போடுங்க."

போட்டேன். வாயாலும் சொன்னேன். தாழ் போடாமல் குளிப்பது. காய்கறி வாங்கப் போய், பாசாரில் கூட்டத்தைக் கண்டு பாதியில் திரும்புவது. தினமும் கண் விழித்ததும், இன்றைக்கா?

இருபத்தொன்றுக்கு மொத்தம் 17. எட்டு மாதமாக வலிப்பு இல்லை என்பதால் நன்றாக இருக்கிறேன் என்று நினைத்தாராம் டாக்டர். பயத்துக்கும் வைத்தியம் உண்டாம். கவுன்சலிங் அடுத்த மாதம். வீட்டில் சொல்லவில்லை.

6 மார்ச், வியாழன்

வாங்க: ரவை, ஏலக்காய், முந்திரி, வெற்றிலை.

அம்மா: "ஞாயித்துக்கிழம நீ ஜித்ராவுல இருக்குற சித்தி வீட்டுக்குப் போயிட்டு வாயேன். வந்தவங்க முன்னால ஏதாச்சும் ஆயிட்டா..."

கவிதா சேலைக்கு ஊக்கு தேடிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது. ஊக்கை எடுத்துச் சேலையில் குத்திப் பார்த்தாள்.

மயில்கழுத்து நிறச் சேலை. அந்த நிறம் எனக்குத்தான் எடுப்பாக இருக்கும். மட்டமான எண்ணம். இருக்கட்டும்.

8 மார்ச், சனி

பை கட்டியாச்சா என்று கேட்க வந்தாள் கவிதா. பதினேழு என்றேன். புரியவில்லை. விளக்கினேன்.

"நீ பூஜ்யம்தானே போட்ட?"

"நீ பக்கத்துல இருந்த." அப்புறம் நிறுத்த முடியவில்லை. "உன்னப் பாத்தா வயிறு எரியுதுடி. நீ காடி ஓட்டுறதுக்கு. கதவத் தாழ் போட்டுக் குளிக்கிறதுக்கு."

கட்டிலில் உட்கார்ந்து நகத்தையே பார்த்தாள். "நாளைக்கு நீ இல்லாம இருந்தா நல்லதுன்னுதான் எனக்கும் தோணுச்சுக்கா."

கோபம். ஆனால் யாரோ உண்மை பேசினார்களே என்று கொஞ்சம் மூச்சும் வந்தது.

போகவில்லை என்றேன். சரி என்றாள்.

9 மார்ச், ஞாயிறு

கோலா கெடாவிலிருந்து ஐந்து பேர். மாப்பிள்ளை நல்ல உயரம், அதிகம் பேசவில்லை. அவருடைய அம்மா கேட்டார்: "பெரிய பொண்ணுக்கு ஏன் இன்னும் ஆகல?"

அம்மா முகம் வெளுத்தது. கேசரித் தட்டோடு நான். கை நடுக்கம். வெறும் பயம்தான், வலிப்பு இல்லை. வித்தியாசம் தெரிந்தது.

"எனக்கு வலிப்பு இருக்கு ஆன்ட்டி. மாத்திரை சாப்பிடுறேன். எட்டு மாசமா வரல."

அந்த அம்மாள் தட்டை வாங்கி வைத்தார். "உக்காரும்மா." கவிதா நகர்ந்து இடம் விட்டாள்.

ஐந்து மணிக்கு போன். சம்மதமாம். அம்மா அழுதாள். எல்லோரும் கவிதாவைக் கட்டிக்கொண்டார்கள். நானும். சந்தோஷம் பாதிதான் வந்தது.