மூன்றாம் நாள்

மச்சான்,

அயன் சூட்டில் துணி மணக்கும்போதெல்லாம் உன் நீலச் சேட் ஞாபகம் வந்துவிடுகிறது. இன்றும் வந்தது. அலுமாரியில் இருந்து அதை எடுத்தேன். நீ ஒருநாளும் போடாத சேட்.

ஒரே படகில் இந்த நாட்டுக்கு வந்தோம். எனக்கு விசா கிடைத்தது, உனக்குக் கிடைக்கவில்லை. நான் டூங்கபியில் வாடகைக்கு இருந்தேன். நீ வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தாய். ஞாயிறுகளில் பார்க்க வருவேன். என் இடக்காது மந்தம், நீ ஒன்று சொல்ல நான் ஒன்று கேட்பேன். "உன்ர காதை என்ன வாடகைக்கோ விட்டிட்டாய்?" என்று சிரிப்பாய். காவலுக்கு நிற்பவர் திரும்பிப் பார்ப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வேலை செய்யும் வெயார்ஹவுசில், ஃபோர்க்லிஃப்ட் இரைச்சலுக்குள் உன் அழைப்பு வந்தது. அவசரத்தில் ஃபோனை இடக்காதில் வைத்துவிட்டேன். "மச்சான், என்னை மூண்டாம் நாட்டில விடப்போறாங்களாம்." நாட்டில என்றது எனக்கு நாளில என்று கேட்டது.

"அப்ப வியாழக்கிழமை வெளியில வாறாய்!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். பிறகு, "ஓம் மச்சான். நல்ல சேட் ஒண்டு அயன் பண்ணி வை" என்றாய்.

அன்று பின்னேரமே சேட் வாங்கினேன். என் அறையில் உனக்கும் ஒரு கட்டில் போட்டேன். வியாழக்கிழமை முகாம் வாசலில் போய் நின்றபோதுதான் சொன்னார்கள், விடியவே உன்னை விமானத்தில் ஏற்றிவிட்டார்களாம். உனக்கு ஒருவரையும் தெரியாத ஒரு தீவுக்கு. இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டிருந்தன. உன்னிடம் யாரும் கேட்கவில்லை.

நீ அங்கிருந்து ஃபோன் எடுத்தபோது ஏசினேன். "ஏனடா நான் பிழையாக் கேட்டதைத் திருத்தேல்லை?"

"நீ அவ்வளவு சந்தோசமாக் கத்தினாய். எனக்கும் ரெண்டு நாள் அதை நம்பவேணும் போல கிடந்தது."

தீவுக்குப் போன எட்டாம் மாதம் நெஞ்சுநோ வந்து அங்கேயே போய்விட்டாய். அங்கேயே புதைத்தார்கள். ஒரு பிடி மண் போடக்கூட என்னால் வர முடியவில்லை. நீ இல்லாத ஞாயிறு இன்னும் எனக்குப் பழகவில்லையடா.

சேட்டை மறுபடி அயன் பண்ணி மாட்டினேன். காதுக்குக் கருவி பூட்டச் சொல்கிறார் டொக்டர். வலக்காதுக்கு வேண்டுமானால் பூட்டட்டும். இடக்காதை விட்டுவிடச் சொல்லப்போகிறேன். அதற்குள்தான் நீ இன்னும் வியாழக்கிழமை வெளியில் வருகிறாய்.