அடுத்த கட்டடத்துப் பிள்ளைகள்

ஊரே ‘சார்’ போட்டாலும் என்னை ‘டேய்’ என்றே கூப்பிட்ட என் அக்காவுக்கு,

முதலில் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். நேற்று உன் காட்டூர் குழந்தைகள் காப்பகத்தில் ஒன்றரை வயதுப் பையனுக்கு ஜட்டி போட்டேன். இரண்டு காலையும் ஒரே ஓட்டையில் விட்டுவிட்டேன். அவன் நடக்கப் பார்த்தான், முடியவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இரண்டு பிள்ளை பெற்றவனை இவ்வளவு இளக்காரமாக யாரும் பார்த்ததில்லை, உன்னைத் தவிர.

அம்மா மண்டபப் படித்துறையில் உன் அஸ்தியைக் கரைத்தபோது காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடியது. இப்போது மணல் தெரிகிறது. காலையில் ஃபோனை எடுத்து உன் பெயர் வரை போய் நின்றுவிடுகிறேன். ஸ்ரீரங்கத்து வம்பெல்லாம் சேர்ந்து கிடக்கிறது. மாடி வீட்டுக்காரர் தலைக்கு மை அடித்துக்கொண்டு பெண் பார்க்கப் போய், வழியில் மழையில் நனைந்த கதை ஒன்று போதும், நீ ஒரு வாரம் சிரிப்பாய். யாரிடம் சொல்ல?

அந்தக் கூட்டம் நினைவிருக்கிறதா? மாவட்டத்தின் தொழில் வளர்ச்சிக்கு யோசனை கேட்டுக் கூட்டினார்களே. ஓய்வு பெற்ற பொருளாதாரப் பேராசிரியை என்று உனக்கு அழைப்பு. நான் உன்கூட வந்தது போண்டாவுக்கு. ஒவ்வொருவராக எழுந்து நிலம் கேட்டார்கள், வரிச்சலுகை கேட்டார்கள், இருக்கிற சாலையை இன்னும் அகலமாகக் கேட்டார்கள். கடைசியில் நீ எழுந்தாய்.

“பெரிய கம்பெனி வரட்டும்னு வாசல்ல கோலம் போட்டு உட்கார்ந்திருக்கோம். வீட்டுக்குள்ள எத்தனை பொம்பளைங்க வேலைக்கு வர முடியாம இருக்காங்க! புள்ளையை யார்கிட்ட விட்டுட்டு வருவாங்கன்னு யாராவது கேட்டீங்களா?”

மேடையில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். “மேடம், இது தொழில் வளர்ச்சிக் கூட்டங்க. குழந்தைங்க சமாச்சாரம் அடுத்த கட்டடத்துல பார்ப்பாங்க.”

“அப்ப அம்மாவுக்கு இந்தக் கட்டடம், புள்ளைக்கு அடுத்த கட்டடமா?”

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், வாயில் போண்டாவோடு.

திரும்பும்போது பஸ்ஸில், காவிரிப் பாலம் வந்ததும் கேட்டாய்.

“நீயும் சிரிச்சியாடா?”

“காமெடியா இருந்துச்சுக்கா.”

“இருக்கும். வசந்தி வேலைக்குப் போறதுனாலதான் நீ வீட்ல உட்கார்ந்து காமெடி எழுதற. அவ எப்படிப் போனாங்கறத மறந்துடாத.”

மறக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோது வசந்தி லாரி ஆபீஸ் கணக்கு வேலையை விடுவதாக இருந்தாள். “அதெல்லாம் வேணாம், கொண்டா இங்க” என்று நீதான் இரண்டையும் வாங்கிக்கொண்டாய். காலேஜுக்கும் வீட்டுக்குமாக நீ ஓடினாய். நானும் வீட்டில்தான் இருந்தேன். எழுதுகிறவனைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். பிள்ளையைப் பார்க்க ஆள் இருந்தால் பெண் வேலைக்குப் போவாள் என்று நீ கட்டிக் காத்த கொள்கைக்கு வசந்திதான் உதாரணம். வகுப்பில்கூடப் பெயர் சொல்லாமல் அவளைத்தான் சொல்லியிருக்கிறாய்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் தஞ்சாவூர் ரோட்டில் காப்பகம் ஆரம்பித்தாய். துவாக்குடிப் பக்கம் பட்டறைகளுக்குப் போகும் பெண்கள் காட்டூரில் இறங்கி, பிள்ளையை விட்டுவிட்டு, அடுத்த பஸ் பிடித்தார்கள். நான் கட்டுரையில் ‘என் அக்காவின் தர்ம காரியம்’ என்று எழுதிவிட்டேன். நீ விட்ட டோஸ் இன்னும் காதில் இருக்கிறது. “தர்மம் இல்லடா. இது ரோடு மாதிரி, கரண்ட் மாதிரி. ரோடு போட்டா லாரி வரும். இது இருந்தா ஆள் வரும்.”

நீ போனதும் ஷட்டரை இறக்கினோம். வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் செல்வியைத் தெரியுமே உனக்கு. இடுப்பில் பையனோடு ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்கு ஃபோன் செய்தாள்.

“சார், அக்கா எடத்துல யாரு சார்?”

“பார்க்கலாம்மா, துக்கம் முடியட்டும்.”

“எனக்கும் துக்கந்தான் சார். ஆனா பட்டறையில வேற ஆள் போட்டுடுவாங்க.”

உன் நினைவுக் கூட்டத்தில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மைக்கைக் கண்டால் எனக்கு எப்போதும் வரும் வியாதி அன்றும் வந்தது. “அக்கா இடத்தில் நான் இருக்கிறேன்!” என்று முழங்கினேன். நல்ல கைதட்டல். செல்வி மட்டும் தட்டவில்லை. வெளியே வந்ததும், “அப்ப திங்கக்கிழமை காலையில கொண்டாரட்டுமா சார்?” என்றாள். என் வாழ்க்கையில் என் பேச்சை நம்பிய முதல் வாசகி.

திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கினோம். உன் தொட்டில்கள் அப்படியே இருக்கின்றன. செல்வி பட்டறைக்குப் போகிறாள். அவள் பையன்தான் நேற்றைய ஜட்டிக்காரன். தினமும் சாயங்காலம் போய், எல்லாரும் உறங்கி எழுந்த நேரத்தில் கதை சொல்கிறேன். என் கதைக்குச் சிரிக்காத கூட்டத்தை இங்கேதான் பார்க்கிறேன்.

போன மாதம் புதிய தொழில் பூங்கா ஒன்றின் வரைபடத்தைப் பெரிய பலகையில் வைத்திருந்தார்கள். லாரி நிற்க இடம் இருக்கிறது, செடிக்கு இடம் இருக்கிறது. பிள்ளைக்கு இடம் தேடி அந்தப் பலகையில் மூக்கு படும்வரை பார்த்தேன், காவலாளி விரட்டிவிட்டார். உன் ஒரு ஷட்டர் திறந்திருந்தால் ஒரு நாட்டின் வளர்ச்சி வழி மாறிவிடுமா அக்கா? நீ இருந்தால், “ஒரு செல்விக்கு மாறுதில்ல?” என்பாய். அதற்கு மேலும் ஏதோ சொல்வாய். அது என்ன என்றுதான் எனக்குத் தெரியவில்லை. கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அந்த ஷட்டர் இனி இறங்காது. கூட்டத்தில் சிரித்த வாயால்தான் சொல்கிறேன், ஆனாலும் நம்பு.

இப்படிக்கு,
உன் வாலில் தொங்கியே வளர்ந்த தம்பி

பி.கு.: ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். வசந்தி லாரி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டாள். காப்பகத்தில் பிள்ளைகளோடு காலையிலிருந்து சாயங்காலம் வரை இருக்க யாராவது வேண்டுமே.