புதன்கிழமை தெரிந்த தாள்

மச்சான், துறைமுகத்தில் நம் கோல்ட் ஸ்டோரேஜில் குளிரைக் குறிக்க நீ மாட்டிக்கொடுத்த ரெக்கார்டர் நேற்றுக் காலையோடு நின்றுபோனது. புதுசு மாட்ட செம்மண்டலத்திலிருந்து வந்தவர், "ஒரு நாளைக்கு ஒரு சராசரி போதும்ல சார், கிராப் அழகா வரும்" என்றார். பழைய பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

2009-இல் நானும் அதையேதான் கேட்டேன். அறையை வாடகைக்குப் பேச ஒரு சென்னை இறால் ஏற்றுமதிக்காரர் மாலை நான்கு மணிக்கு வருவதாக இருந்தார். மற்ற இறால் வியாபாரிகள் அந்த சீசனில் வேறிடம் போய்விட்டார்கள். இவரும் போனால் நான் கம்ப்ரஸரை நிறுத்திச் சாவியைத் தொங்கவிட வேண்டியதுதான். மூன்று வருடம் அறை எவ்வளவு குளிரில் இருந்தது என்பதை ஒரே தாளில் காட்டச் சொல்லியிருந்தார்.

சிதம்பரத்தில் உன் கம்ப்யூட்டர் கடையைப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸில் வந்தாய். ரெக்கார்டர் நிமிஷத்துக்கு ஒன்றாகக் குறித்த கணக்கு பதினைந்து லட்சம் வரிகளைத் தாண்டியிருந்தது. அப்படியே கிராப் போட்டபோது மை கொட்டிய மாதிரி தாள் முழுக்கக் கறுப்பு. தினமும் சரக்கு ஏற்றக் கதவைத் திறந்து மூடியதெல்லாம் கோடாகி நின்றது. பிறகு நாளுக்கு ஒரு சராசரி எடுத்தாய். மைனஸ் இருபதை ஒட்டி ஒரே நேர்கோடு. உன் அக்காவைக் கூப்பிட்டு உனக்கு இறால் வறுக்கச் சொன்னேன்.

நீ சிரிக்கவில்லை. "மாமா, இதுல அந்தப் புதன்கிழமை எங்க?" என்றாய்.

கரண்ட் போய், ஜெனரேட்டரும் கிளம்பாமல், நாலு மணி நேரத்தில் அறை மைனஸ் ஆறுக்கு ஏறிய நாள். அன்றைய சரக்கைத் தனியாகப் பிரித்துத் தீவனத்துக்குத் தள்ளியிருந்தேன். ஆனால் சராசரியில், மிச்சமிருந்த இருபது மணி நேரக் குளிர் அந்த நாலு மணி நேரத்தை விழுங்கிவிட்டது. நல்லதாகப் போயிற்று, இப்படியே இருக்கட்டும் என்றேன்.

நீ கேட்காமல் இன்னொரு தாள் எடுத்தாய். சராசரியோடு, நாளுக்கு ஒரு உச்சம், ஒரு தாழ்வு. அதுவும் சுத்தமாகத்தான் இருந்தது. நடுவில் மட்டும் அந்தப் புதன்கிழமை கொடிக்கம்பம் போல நின்றது.

"நீ எனக்கு மச்சானா, சென்னைக்காரனுக்கு மச்சானா?" என்று கத்தினேன்.

"சுருக்கித் தரச் சொன்னீங்க, சுருக்கிட்டேன். மறைக்கிறதுக்கு வேற ஆளப் பாருங்க மாமா."

வறுத்த இறாலைத் தொடாமல் கிளம்பிவிட்டாய். உன் அக்கா தட்டை மூடி வைத்தாள். மேஜையில் இரண்டு தாள்கள். மணி மூன்றரை.

உன்னிடம் சொல்லாமலே விட்டதை இப்போது சொல்கிறேன். நான் இரண்டாம் தாளை எடுத்தது நேர்மைக்காக இல்லை. நம் ஊர் கரண்டை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஒருநாளும் ஏறாத கோட்டை எவனாவது என்னிடம் நீட்டினால் நான் நம்பமாட்டேன். அந்த ஒரு யோசனைதான். நேர்கோட்டுத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

அவர் வந்தார். தாளைப் பார்த்தார். விரல் நேராகக் கொடிக்கம்பத்தின் மேல் போய் நின்றது. நடந்ததைச் சொல்லி, தீவனக்காரர் கையெழுத்துப் போட்ட சீட்டைக் காட்டினேன். வெகுநேரம் படித்தார்.

"கரண்ட் போகாத ஊர்னு காட்டியிருந்தா டீயக் குடிச்சிட்டுக் கிளம்பியிருப்பேன்" என்றார்.

உனக்குப் போன் செய்தேன். "இறால் மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாய். நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் குரல் அப்படியே காதில் இருக்கிறது.

புது ரெக்கார்டரிலும் உச்சம், தாழ்வு இரண்டும் வரும்படி வைக்கச் சொல்லிவிட்டேன். வேறு வழியும் இல்லை. அன்று அவரோடு பேசிய வாடகைப் பேச்சுதான் இன்றும்: மாதம் ஒரு தாள், அதில் ஒவ்வொரு நாளின் உச்சமும் தெரிய வேண்டும், மைனஸ் பதினைந்தைத் தாண்டினால் அன்றைக்கே போன், அந்த நாள் அறையில் இருந்த சரக்குக்கு அந்த மாத வாடகை கிடையாது.