சபையில் நீ சொன்ன சாட்சி

அன்புள்ள என் மனைவிக்கு,

போனில் இரண்டு முறை கூப்பிட்டேன். உன் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். அதனால் இதை எழுதிக் காலிச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து, அதை வீட்டுக்கு எடுத்துவருபவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

பாம்பு விஷம் பட்டு மலேரியாக் கிருமிகள் செத்துவிட்டன என்று, எங்கள் லேபில் நடந்ததை உன்னிடம் பெருமையடித்தேன். நீ அதை ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சியாகச் சொன்னாய். "எங்க வீட்டுல அவிய கண்ணால பாத்திருக்காவ" என்றாய்.

நான் பார்த்தது வேறு. ஸ்லைடில் கிருமி ஒன்றுகூட இல்லை, உண்மைதான். அவை குடியிருந்த ரத்த அணுக்களும் இல்லை. விஷம் எல்லாவற்றையும் உடைத்துவிட்டது. கிருமிகளை எண்ணுவதுதான் என் வேலை என்பதால் பூஜ்யம் என்று மட்டும் எழுதினேன். லேப் மேடம் கைகுலுக்கினார். அதற்குப் பிறகு மற்றதைச் சொல்ல மனம் வரவில்லை.

இன்று காலை ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் நம் சபை ஜெஸி அக்கா நிறுத்தினாள். "எங்க வீட்டுக்காரருக்கு மலேரியாக் காய்ச்சல் இன்னும் விடல தம்பி. ஒங்க மருந்து வரட்டும்னு ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவந்துவிட்டேன்.

இதைப் படித்ததும் அவள் வீட்டுக்குப் போ. மாத்திரையை உடனே கொடுக்கச் சொல். விஷம் மருந்தில்லை என்று யார் சொன்னது எனக் கேட்டால், கண்ணால் பார்த்தவர்தான் சொன்னார் என்று சொல்.

இப்படிக்கு,
அன்று உன் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னவன்