சணல் பழுதான கதை

யேசு மரி சூசை துணை

கரையூர், யாழ்ப்பாணம்
1937 மே 22

சிங்கப்பூரில் இருக்கும் என் அன்பு மகன் லியோனுக்கு அப்பு நீக்கிலாப்பிள்ளை எழுதுவது. நானும் உன் மனைவி லூர்த்தம்மாவும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுத மனம் வரவில்லை.

நீ லூர்த்தம்மாவுக்கு எழுதிய கடிதத்தை அவள் எனக்குக் காட்டவில்லை. அரிசிப் பெட்டிக்குள் கிடந்ததை எடுத்து வாசித்துவிட்டேன், பிழைதான். வலைக்கு வாங்கின சணலை அழுக விட்டவள், கவனமில்லாதவள் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். சணல் பழுதாய்ப் போச்சு என்று மட்டும் அவள் உனக்கு எழுதினாள். மிச்சத்தை நான் எழுதுகிறேன். தனிய இருந்து வாசிக்காதே, பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்.

நீர்வேலிக் கதிரவேலு வண்டியில் கொண்டுவந்த சணல் தடிகளைப் பங்குனிக் கடைசியில் நாங்கள் இருவரும் நார் உரிக்க ஊறட்டும் என்று குளத்தில் தாழ்த்தி, மேலே கல் வைத்தோம். ஏழாம் நாள் எடுக்கவேண்டும். அவள் ஒவ்வொரு நாளும் போய் ஒரு தடியை உருவி, நார் கழலுகிறதா என்று பார்ப்பாள். ஏழு மாத வயிற்றோடு நடக்காதே என்றால், "உங்கடை மகன் திரும்பி வந்தால் வலை அவருக்குத்தானே, மாமா" என்று சிரிப்பாள்.

ஏழாம் நாள் விடிய அவளுக்கு வலி கண்டது. ஆண்பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. ஒரு மணித்தியாலம்கூட இருக்கவில்லை, மகனே. பிறகு அவளுக்குக் காய்ச்சல். ஒன்பது நாள் நான் அவள் தலைமாட்டை விட்டு அசையவில்லை. சணலை நினைத்திருக்க வேண்டியவன் நான். நான்தான் மறந்தேன்.

பதினாறாம் நாள் போய்த் தூக்கினேன். கிட்டப் போக முடியாத நாற்றம். நார் ஈரக் கடதாசிபோல் கையோடு வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி குளத்தில் இறங்கினதால்தான் பிள்ளையும் போச்சு, சணலும் போச்சு என்று அயலில் கதைத்தார்கள். அவளும் அதை நம்பிவிட்டாள். சோறு தின்னவில்லை.

கதிரவேலுவின் தோட்டத்துக்கு வந்திருந்த விவசாயப் போதனாசிரியர் கனகலிங்கத்திடம் அந்த நாரில் ஒரு பிடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றனவாம். அதுகள் ஒருவிதச் சாற்றைக் கக்கி, நாரைத் தடியோடு ஒட்டிவைக்கிற பசையைக் கரைத்துத் தின்னுமாம். பசை கரைந்ததும் நாங்கள் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் வேறு உயிர்கள் நாரையே அரித்துவிடுமாம். "உது எந்தக் குளத்திலும் நடக்கும், ஐயா. ஆர் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் நடக்கும்" என்றார்.

வந்து அப்படியே அவளுக்குச் சொன்னேன். இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாள். அன்றைக்குக் கொஞ்சம் கஞ்சி குடித்தாள்.

உனக்கு எழுதவேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கடல் கடந்த இடத்தில் தனிய இருந்து அழுவாராம். உன் கடிதம் வந்த பிறகும் பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டிருந்தாள். அதனால்தான் சத்தியத்தை மீறினேன். ஆண்டவர் என்னை மன்னிப்பார்.

சுவாமியாரைக் கூட்டிவர நேரம் இருக்கவில்லை. செம்பில் தண்ணீர் எடுத்து நானே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். பெயர் கேட்டபோது, பிலிப்பு என்று அவள் சொன்னாள். அதன்பிறகு அந்தப் பெயர் அவள் வாயில் வரவில்லை. எனக்கும் எடுக்கப் பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அவளுக்கு எழுது. மன்னிப்புக் கேள், கேட்காமல் விடு, அது உன் விருப்பம். பிள்ளையின் பெயரை மட்டும் உன் கையால் ஒரு தரம் எழுதிவிடு. அவளே வாசிக்கட்டும்.

தேவதாய் உனக்குத் துணையாக இருப்பா.

உன் அப்பு
நீக்கிலாப்பிள்ளை