எக் என்றால் நான்

ஒஸ்லோ, 15 நவம்பர் 1986

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு வருஷமாகக் கடிதம் போடாதவள் இன்று போடுகிறாளே என்று நினைப்பீர்கள். நேற்றுப் பள்ளி முற்றத்துத் தகரப் பீப்பாயில் நீநோர்ஸ்க் பாடப்புத்தகத்தைப் போட்டுக் கொளுத்திவிட்டேன். ஆமாம், உங்கள் மேற்குக் கரைப் பக்கத்து எழுத்துமொழிதான். இங்கே இரண்டாம் மொழியென்று எங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

"நீ அந்தப் பக்கத்துப் பொண்ணுதானே, வாசி" என்று ஆசிரியை எழுப்பிவிட்டார். இங்கே 'நான்' என்பதற்கு எல்லோரும் 'யெய்' என்பார்கள். நான் 'எக்' என்று ஆரம்பித்ததும் வகுப்பே சிரித்தது. வாரம் முழுக்க, "ஏ எக்கு, ஆட்டுப்பால் கறந்தாச்சா?" கொளுத்தியபோது அதே கூட்டம் கைதட்டியது.

அதே மொழியில் மன்னிப்பு எழுதி வாசித்தால்தான் உள்ளே விடுவார்களாம். எனக்கு இந்தப் பள்ளியே வேண்டாம். நீங்கள் வேலை பார்க்கும் பயணிகள் படகில் வந்து காபி விற்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஹெர்டிஸ்

லைக்காங்கர், 20 நவம்பர்

என் செல்ல ஹெர்டிஸ்,

புத்தகம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அதில் இருப்பதுபோல் எங்கள் படகுத்துறையில் ஒருத்தனும் பேசுவதில்லை. நான் எழுதினாலும் உன் ஆசிரியை சிவப்பு மையில் குளிப்பாட்டிவிடுவார். படகில் காபிக்கு இயந்திரம் வந்துவிட்டது, உனக்கு வேலை காலியில்லை.

அம்மாவோடு அங்கே போன புதிதில் போனில் 'எக்' என்பாய். எப்போதோ அது 'யெய்' ஆனது. யார் வீட்டுப் பெண்ணோ பேசுவதுபோல் இருக்கும். கேட்டால் போனையும் நிறுத்திவிடுவாயோ என்று சும்மா இருந்தேன். என்னை நினைத்து வெட்கமா, மகளே? வெட்கமென்றாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

மன்னிப்பு கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம்.

உன் அப்பா,
ஓட்வார்

ஒஸ்லோ, 27 நவம்பர்

அன்புள்ள அப்பா,

வெட்கம்தான். சிரிப்பார்களே என்ற பயத்தில் 'எக்'கோடு உங்களையும் சேர்த்து ஒளித்துவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்து நன்றாக அழுதேன்.

மன்னிப்பு எழுதினேன். புத்தகம்தான் இல்லையே, நீங்கள் பேசுவதை நினைத்து நினைத்து எழுதினேன். வாசிக்கும்போது பின்பெஞ்சில் ஒருவன் இளித்தான். "என்னடா, பல்லு வலிக்குதா?" என்றேன், நம் ஊர்ப் பேச்சிலேயே. இந்த முறை வகுப்பு அவனைப் பார்த்துச் சிரித்தது. அப்பாடா என்று இருந்தது.

"மன்னிப்பு சரி. ஆனா ஏழு பிழை" என்றார் ஆசிரியை. பார்த்தேன். ஏழும் நீங்கள் பேசுகிறபடிதான் இருந்தன. ஒன்றைக்கூட நான் திருத்தவில்லை.

பள்ளி இன்னும் பிடிக்கவில்லை. ஆனாலும் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். எடுத்ததும் "யாரு?" என்று கேளுங்கள். 'எக்' என்பேன்.

உங்கள்,
ஹெர்டிஸ்