பன்னிரண்டு மடங்கில் தெரிந்தது

அன்பு மகனே,

துப்பாக்கியின் தூரநோக்கி ஸ்கோப்பை நாலு மடங்கில் வைப்பதா, பன்னிரண்டிலா என்று கில்கித்திலிருந்து கேட்டிருந்தாய். நான் சொல்லச் சொல்ல வாத்தியார் எழுதுகிறார். ஆட்டைத் தேட நாலு போதும், சரிவு முழுதும் தெரியும். கிடாவா பெட்டையா என்று கொம்பைப் பார்க்கத்தான் பன்னிரண்டு. அதில் சுற்றிலும் இருப்பது எதுவும் தெரியாது.

போன வாரம் நானும் பக்கத்து வீட்டு ரஜபும் வேட்டைக்குப் போனோம். மூன்று வருடம் முன்பு உன் அம்மாவைப் பனி சரிந்து மூடிய அதே இடம். நாலில் பதினோரு காட்டாடுகள் தெரிந்தன. ஒன்றின் கொம்பைப் பார்க்கப் பன்னிரண்டுக்குத் திருகினேன். பெட்டை ஆடு. அதன் மடியில் இரண்டு கைகள் பால் கறந்துகொண்டிருந்தன. இடது சுண்டுவிரல் வளைந்திருந்தது. அது யாருடைய விரல் என்று உனக்குத் தெரியும்.

"என்னண்ணே, ஆட்டப் பாத்து அழுவுற? கெழம் தட்டிருச்சா?" என்று ரஜப் துப்பாக்கியைப் பிடுங்கினான். நாலுக்குத் திருகிப் பார்த்தான். "வெறும் ஆடுதான். சுடவா?"

குழலைத் தட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் நீ அந்தச் சரிவுக்கு வேட்டைக்குப் போகிறாய். விசையில் விரல் வைக்குமுன் பன்னிரண்டில் ஒருமுறை பார். கைகள் தெரிந்தால் சுடாதே. அம்மா என்று கூப்பிட்டும் விடாதே. ஆடுகள் மிரண்டு ஓடிவிட்டால் அவளுக்கு அங்கே வேறு யாரும் இல்லை.

இது உன் அப்பாவின் கைநாட்டு.